தொடர்புப் பக்கத்தை விட்டுடுங்க

மார்ச் பதினேழாம் தேதி, திங்கட்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு, ஒரு நான்கு மாடிக் கட்டிடத்தின் மூன்றாம் தளத்தில் இயங்கும் இணையதள நிறுவனத்துக்கு ஒரு மெயில் வந்தது. அதில் ஆறு சொற்கள் இருந்தன.

“பார்த்தாச்சு. எல்லாம் சரி. தொடர்புப் பக்கத்தை விட்டுடுங்க.”

அனுப்பியது ஏணி தயாரிக்கும் ஒரு கம்பெனி. மெயிலைத் திறந்த பெண்மணி உட்கார்ந்தபடி ஒரு முறை வாசித்தார். எழுந்து நின்று இன்னொரு முறை வாசித்தார்.

அலுவலகத்தில் அவருக்கு ‘ஓகே அக்கா’ என்று பெயர். வாடிக்கையாளர்களிடம் வாசகமும் படமும் கேட்டு வாங்க வேண்டும். செய்த பக்கங்களை அவர்களுக்குக் காட்ட வேண்டும். அதற்கு ஓகே என்று எழுத்தில் வாங்க வேண்டும். ஒன்பது வருடமாக இதே வேலை. அடுத்தவர் வாயிலிருந்து ஒரு சொல்லை வரவழைப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

ஏணிக்காரர் அந்தச் சொல்லை ஆறு வாரமாகத் தரவில்லை. மற்றபடி நல்ல மனிதர். படம் கேட்டால் படம் அனுப்புவார். ஏணியோடு சேர்த்து அதைப் பிடித்திருப்பவரின் இரண்டு கால்களும் படத்தில் இருக்கும். இருபத்திரண்டு அடி ஏணி முகப்புப் பக்கத்தில் முழுசாகத் தெரிய வேண்டும் என்றார். தெரிய வைத்தபோது, பார்க்கிறவர்கள் பக்கத்தை உருட்டி உருட்டி ஏணியின் அடிக்கு வருவதற்குள் விரல் வலித்தது. அதையும் சொல்லிப் புரிய வைத்தாயிற்று. ஓகே மட்டும் வரவில்லை.

ஏணிக்காரரின் பதில்களை ஓகே அக்கா தரம் பிரித்து வைத்திருந்தார். ‘பார்க்கலாம்’ என்றால் பார்க்க மாட்டார். ‘பார்க்கறேன்’ என்றால் மெயிலை இன்னும் திறக்கவில்லை. ‘பார்த்தேன்’ என்றால் போனில் திறந்தார், யாரோ கூப்பிட்டார்கள், மூடிவிட்டார். ‘பார்த்தாச்சு’ என்று இதுவரை வந்ததே இல்லை.

“தம்பி, விட்டுடு” என்றார் ஓகே அக்கா.

எதிர் மேசையில் இருந்த புரோகிராமர் தலையைத் தூக்கினார். எது கேட்டாலும் அஞ்சு நிமிஷம் என்பதால் ‘அஞ்சு நிமிஷம்’ என்றே அவருக்குப் பெயர் ஆகிவிட்டது.

“எதை விடணும்?”

“ஏணி சைட்டை. ஓகே வந்தாச்சு. தொடர்புப் பக்கத்தோட சேர்த்து விட்டுடுங்கன்னு எழுதியிருக்கார்.”

“நிஜமாவா? அஞ்சு நிமிஷம்.”

இருபது நிமிடத்தில் தளம் இணையத்தில் வெளியே போய்விட்டது. முதலாளி தன் அறையிலிருந்து வந்து, ஒவ்வொரு மேசையாக நின்று, “பார்த்தீங்களா, பொறுமைன்னா இது” என்று ஓகே அக்காவைக் காட்டிவிட்டுப் போனார். அன்று மாலை ஓகே அக்கா பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனார். அவ்வளவு தெம்பாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு அவர் கைபேசி அடித்தது. மாமனார்.

“அம்மா, ஏணிக்கு அடியில போடற ரப்பர் மட்டும் தனியா கிடைக்குமா?”

“எதுக்கு மாமா? உங்களுக்கு ஏன் இப்ப ஏணி?”

“எனக்கில்லம்மா. ஒருத்தர் லைன்ல இருக்கார்.”

ஓகே அக்கா மெதுவாக ஏணிக் கம்பெனியின் தளத்தைத் திறந்தார். தொடர்புப் பக்கத்துக்குப் போனார். அங்கே, எங்கள் நிபுணர்களுடன் பேச அழையுங்கள் என்பதற்குக் கீழே, பெரிய எழுத்தில், அவர் வீட்டு லேண்ட்லைன் எண் இருந்தது.

ஆறு வாரம் முன்பு நடந்தது இப்போதுதான் ஞாபகம் வந்தது. மாதிரிப் பக்கத்துக்கு ஒரு எண் வேண்டும் என்று புரோகிராமர் கேட்டார். முழுக்க சைபர் போட்டால் ஏணிக்காரர் அதைப் பற்றியே இரண்டு நாள் பேசுவார். “இருக்கற மாதிரி ஒரு நம்பர் சொல்லுங்கக்கா” என்றார். இருக்கிற மாதிரியான எண்களில் இருக்கவும் செய்கிற ஒன்று ஓகே அக்காவுக்கு வாயில் வந்தது. வீட்டு லேண்ட்லைனுக்கு யாரும் கூப்பிடுவதில்லை. மாமனார் மட்டும் அதைத் தினமும் துடைத்து வைப்பார்.

“அம்மா, லைன்ல இருக்கியா? அவர் காத்துக்கிட்டிருக்கார்.”

“ராங் நம்பர்னு சொல்லிடுங்க மாமா.”

“ஏம்மா?”

“ஆபீஸ் விஷயம். கேட்காதீங்க.”

“சரிம்மா” என்றார் மாமனார். கேட்காதே என்றால் அவர் கேட்க மாட்டார். முப்பத்தோரு வருடம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர்.

ஓகே அக்கா மெயிலை அச்செடுத்து எதிர் மேசையில் வைத்தார்.

“தம்பி, இதை நீ படி. மெதுவா படி.”

புரோகிராமர் படித்தார். “பார்த்தாச்சு. எல்லாம் சரி. தொடர்புப் பக்கத்தை விட்டுடுங்க.” இரண்டாம் முறை படிக்கும்போது குரல் இறங்கியது.

“அக்கா. போடாம விட்டுடுங்கன்னு சொல்றாரோ?”

“அதைத்தான் நானும் கேட்கறேன்.”

“நம்பர் இன்னும் கொடுக்கலையே. கொடுக்கற வரைக்கும் அந்தப் பக்கத்தை விட்டுட்டு மத்ததைப் போடுங்கன்னு… ஆமாக்கா, அப்படித்தான் இருக்கும்.”

“நேத்து விடும்போது சொல்லியிருக்கலாம்ல?”

“நேத்து நீங்க எழுந்து நின்னு சொன்னீங்க. நான் விட்டுட்டேன்.”

இதில் சிக்கல் என்னவென்றால், போன வருடம் ஒரு பல் மருத்துவரின் தளம் ‘இங்கே சிரித்த முகமாக யாராவது ஒருவர்’ என்ற வாசகத்தோடு ஒன்பது நாள் வெளியே இருந்தது. பல் மருத்துவர் கண்டுபிடிக்கவில்லை, அவரிடம் வந்த நோயாளி கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு முதலாளி எல்லோரையும் கூட்டி, இனி ஓகே இல்லாமல் எது வெளியே போனாலும் அதற்குப் பொறுப்பானவரும் கூடவே வெளியே போவார் என்று சொன்னார். சொன்னதைச் சுவரில் ஒட்டியும் வைத்தார். போன மழைக்காலத்தில் ஒருவர் போயும் இருக்கிறார்.

“நைசா நம்பரை மாத்திடு” என்றார் ஓகே அக்கா.

“மாத்தலாம். மாத்தின உடனே ஏணிக்காரருக்குத் தானா ஒரு மெயில் போகும். ‘உங்கள் தளத்தில் இந்த இடம் மாற்றப்பட்டது, ஒப்புதல் உண்டா’ன்னு. சாருக்கும் ஒரு காப்பி. பல் டாக்டருக்கு அப்புறம் சார் வெச்ச ஏற்பாடு.”

அதாவது, தப்பைத் திருத்த வேண்டுமானால் ஓகே வேண்டும். ஓகே கேட்டால் தப்பு தெரிந்துவிடும். ஓகே அக்கா தண்ணீர் குடித்தார்.

புதன்கிழமை மாலை வீட்டுக்குப் போனபோது தொலைபேசி அருகில் கோடு போட்ட ஒரு நோட்டு இருந்தது. முதல் பக்கம் முழுக்க மணி மணியான கையெழுத்து. எட்டு அடி, இரட்டைக் கால், நூலகத்துக்கு. பன்னிரண்டு அடி, மடக்குவது, பெயிண்ட் வேலை. கால் வழுக்குகிறது, ரப்பர் தேய்ந்திருக்கும், பேசியாயிற்று.

“ராங் நம்பர்னு சொல்லச் சொன்னேனே மாமா.”

“சொன்னேம்மா. முதல்ல கூப்பிட்ட நாலு பேருக்கும் ராங் நம்பர்னுதான் சொன்னேன். சொல்லிட்டு, என்ன வேணும்னு கேட்டேன்.”

“ஏன் கேட்டீங்க?”

“கூப்பிட்டவங்களை அப்படியே வெச்சுட முடியுமா? என் காலத்துல லைன் கிடைக்கலைன்னா கூட, கிடைக்கலைன்னு சொல்றதுக்கு ஒரு முறை இருந்தது.”

“யார் யார் கூப்பிட்டாங்க?”

“அதை மட்டும் கேட்காதே. லைன்ல கேட்டதை வெளியில சொல்ற பழக்கம் எனக்கு இல்லை.”

“இதுல பேர் எல்லாம் எழுதியிருக்கீங்களே.”

“எழுதினேன். சொல்லல.”

மாமனாரிடம் நடந்ததை எல்லாம் சொல்லிவிடலாமா என்று ஓகே அக்காவுக்கு ஒரு நிமிடம் தோன்றியது. சொன்னால் அவர் உடனே ஏணிக்காரருக்கே போன் போட்டு, மருமகள் சார்பில் மன்னிப்புக் கேட்பார். நல்ல உச்சரிப்பில் கேட்பார். அதனால் சொல்லவில்லை.

“மாமா, இனிமே யார் கூப்பிட்டாலும் இந்த நம்பரைக் கொடுத்து அங்கே பேசச் சொல்லிடுங்க” என்று ஏணிக்காரரின் கைபேசி எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். கம்பெனிக்காரருக்கே கம்பெனி விசாரணை போகிறது, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தார். மாமனார் அந்தத் தாளையும் மருமகளையும் ஒருமுறை பார்த்தார்.

“நிச்சயமா? இங்கேயேதான் நல்லா போயிட்டிருக்கு.”

“நிச்சயமா மாமா.”

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஏணிக்காரர் கூப்பிட்டார். ஆறு வாரத்தில் அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“ஏம்மா, மூணு நாள் நிம்மதியா இருந்தேன். இன்னைக்குக் காலையிலேர்ந்து என் போன் ஓயாம அடிக்குது. எல்லாரும் ஏணி கேட்கறாங்க.”

“நல்ல விஷயம்தானே ஐயா?”

“என்ன நல்ல விஷயம்? ஏணி கேட்கறவங்க என்னை ஏன் கேட்கறாங்க?”

ஓகே அக்கா போனை அடுத்த காதுக்கு மாற்றினார்.

“குளிக்கப் போனா அடிக்குது. ஒருத்தர் என்னன்னா, ஏணியில நின்னுக்கிட்டே பேசறார். கீழே இறங்க வழி கேட்கறார். இதெல்லாம் எனக்கு ஒத்து வராது. உடனே நிறுத்துங்க. பழையபடி பண்ணிடுங்க.”

“பழையபடின்னா ஐயா?”

“பழையபடின்னா பழையபடிதாம்மா.” வைத்துவிட்டார்.

பழையபடி என்றால் தளமே இல்லாத காலம் என்று ஓகே அக்கா புரிந்துகொண்டார். தன் சொந்த எண் எப்படி வெளியே போனது என்று அவர் இன்னும் கேட்கவில்லை. இன்று சாயங்காலம் கேட்பார், அல்லது நாளைக் காலை. உடனே மாமனாரைக் கூப்பிட்டு அந்த நம்பரை யாருக்கும் தர வேண்டாம் என்றார். “நான்தான் அப்பவே சொன்னேனே” என்று மாமனார் சந்தோஷமாகச் சொன்னார்.

புரோகிராமர் யோசனை சொன்னார். “பதினாலு சின்னச் சின்னத் திருத்தமா ஒரு லிஸ்ட் போடுங்க. நடுவுல ஒன்பதாவதா நம்பரை வையுங்க. அவர் என்னைக்கு லிஸ்டைப் படிச்சிருக்கார்? மொத்தமா ஓகேன்னு அடிச்சுடுவார். எழுத்துல வந்துடும்.”

பதினாலு திருத்தம் கண்டுபிடிப்பது எளிதாக இல்லை. எங்களைப் பற்றி பக்கத்தில் ஒரு காற்புள்ளி. முகப்பில் சாய்ந்திருக்கும் ஏணியை வலமிருந்து இடமாகச் சாய்த்தல். அடர்நீலத்தை இன்னும் கொஞ்சம் அடர்நீலமாக்குதல். ஒன்பது, தொடர்பு எண்ணைப் புதுப்பித்தல். பத்து, நன்றி என்ற சொல்லுக்குப் பின் ஒரு புள்ளி. மூன்று மணிக்கு அனுப்பினார்கள். மூன்று இருபதுக்குப் பதில் வந்தது.

“ஒன்பது தவிர மற்றதெல்லாம் ஓகே.”

ஓகே அக்கா ஒன்பதை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினார்.

“வாழ்க்கையில முதல் தடவையா படிச்சிருக்கார்க்கா” என்றார் புரோகிராமர்.

“எல்லாம் உன் யோசனை.”

“அதை விடுங்க. மீதி பதிமூணையும் இப்ப நான் செஞ்சாகணும். ஏணியை இடப்பக்கம் சாய்க்கறதுன்னா நிழலையும் திருப்பணும். அதை யார் எழுதினது?”

“நான்தான்.”

“இதுக்கு அஞ்சு நிமிஷம் போதாது.”

ஓகே அக்கா இன்னொரு மெயில் அனுப்பினார். ஒன்பதில் என்ன செய்யலாம் ஐயா, என்று மரியாதையாக. “ஒன்றும் செய்ய வேண்டாம்” என்று பதில் வந்தது. ஒன்றும் செய்ய வேண்டாம், நானே செய்துகொள்கிறேன் என்பது போல அவருக்குத் தோன்றியது. வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு எழுதியிருப்பாரோ என்றும் தோன்றியது.

மிச்சம் ஒரே வழிதான் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை, மாமனார் செய்தித்தாளில் இருந்த நேரத்தில், ஓகே அக்கா தொலைபேசியின் ஒயரைச் சுவரிலிருந்து உருவி, அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பினார். அடிக்காத போனை யாரும் எடுக்க முடியாது. எடுக்காத கம்பெனிக்கு மறுபடி யாரும் கூப்பிட மாட்டார்கள். விஷயம் தானாக அடங்கும்.

முதலாளி அன்று நல்ல மனநிலையில் இருந்தார். ஓகே அக்காவின் மேசைக்கே வந்தார்.

“ஏணி சைட்ல தொடர்புப் பக்கத்துக்குத்தான் கூட்டம். வர்றவங்கள்ல பாதிப் பேர் போன் பொத்தானை அழுத்தறாங்க. நம்ம செஞ்ச எந்த சைட்லயும் இப்படி இல்லை. அந்தப் பக்கத்துல அப்படி என்ன பண்ணினீங்க?”

“பெரிசா ஒண்ணும் பண்ணல சார்.”

“அடக்கத்தைப் பாரு” என்று முதலாளி புரோகிராமரிடம் சொன்னார். புரோகிராமர் ஏணியின் நிழலைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

பதினொன்றரைக்கு மாமனாரைக் கூப்பிட்டுப் பார்த்தார் ஓகே அக்கா. பின்னணியில் கத்தரிக்கோல் சத்தம் கேட்டது.

“எங்கே இருக்கீங்க மாமா?”

“சலூன்லம்மா. முகத்துல நுரை. சீக்கிரம் சொல்லு.”

“வீட்டுல போன் ஏதாவது…”

“அதை ஏன் கேட்கறே. காலையில லைன் செத்துப் போச்சு. பழைய ஆபீஸ்ல இன்னும் ரெண்டு பசங்க இருக்காங்க, என்கிட்ட வேலை பழகினவங்க. போன் போட்டேன், கால் மணி நேரத்துல ஆள் வந்துட்டார். பார்த்தா ஒயர் கழண்டிருக்கு. துடைக்கும்போது நான்தான் இழுத்துட்டேன் போல.”

“அப்போ சரியாயிடுச்சா?”

“சரியானது மட்டுமில்ல, இனிமே வீட்டு நம்பருக்கு வர்ற கால் எல்லாம் நேரா என் கைபேசிக்கு வர்ற மாதிரி மாத்தியும் கொடுத்துட்டார். எங்கே போனாலும் கவலையில்லை. இப்பக் கூட ஒரு பள்ளிக்கூடத்துலேர்ந்து மூணு ஏணி கேட்டாங்க. முடி வெட்டறவரும் ஒண்ணு கேட்கறார், பலகை மாட்ட. இரு, இன்னொண்ணு வருது. வணக்கம், ஏணி நிறுவனம், தங்களுக்கு என்ன உதவி வேண்டும்?”

கடைசி வாக்கியம் ஓகே அக்காவிடம் சொன்னதல்ல. பொத்தானை மாற்றி அழுத்திவிட்டார் போல, அவருக்கும் கேட்டது. இத்தனை நாள் அவர் இப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதுதான் பயமாகவும் இருந்தது.

மூன்று மணிக்கு முதலாளி மறுபடி வந்தார். இந்த முறை சிரிப்பு பாதியாகக் குறைந்திருந்தது.

“ஏணிக்காரர் கூப்பிட்டார். திங்கட்கிழமை பத்து மணிக்கு அவர் கம்பெனிக்கு வரணுமாம். உங்களையும் கண்டிப்பா கூட்டிட்டு வரச் சொன்னார். ‘அந்த அம்மா இல்லாம வராதீங்க’ன்னார். குரல் கொஞ்சம் கனமா இருந்தது. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

“தெரியாது சார்.”

“பல் டாக்டர் மாதிரி எதுவும் இல்லையே?”

“பல் டாக்டர் மாதிரி இல்லை சார்” என்றார் ஓகே அக்கா. அது பொய்யில்லை.

அவர் ராஜினாமாக் கடிதம் எழுதினார். முதலில் ஒன்றரைப் பக்கம் வந்தது. புரோகிராமர் படித்துப் பார்த்து, “மன்னிப்பு மூணு இடத்துல வருது, ஒண்ணு போதும்” என்றார். “ ‘விட்டுடுங்க’ என்பதன் பொருளை நான் தவறாக விட்டுவிட்டதால், இந்த வேலையை விட்டுவிட” என்றொரு வாக்கியம் இருந்தது. அதை எத்தனை விதமாகத் திருப்பி எழுதியும் சிரிப்பு வந்தது. கடைசியில் நான்கு வரியாக்கினார்கள்.

“இதுக்கு யார் ஓகே தரணும்?” என்றார் புரோகிராமர்.

“சும்மா இருடா” என்றார் ஓகே அக்கா. இருவரும் கொஞ்சம் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். ஒன்பது வருடம் ஒரே நாற்காலி. சன்னல் பக்கத்து நாற்காலி வேறு.

திங்கட்கிழமை பத்து மணிக்கு முதலாளியும் ஓகே அக்காவும் ஏணிக் கம்பெனியில் இருந்தார்கள். வாசலில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வரவேற்பில் ஒரு பெண் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். உள்ளே எந்தச் சுவரைப் பார்த்தாலும் ஏணி சாய்ந்திருந்தது. மடக்கியவை, விரித்தவை, பிளாஸ்டிக் உறை பிரிக்காதவை. இவர்கள் அறைக்குள் நுழைந்தபோது ஏணிக்காரர் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று அலமாரியின் உச்சியிலிருந்து கோப்பு ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தார்.

“உட்காருங்க, உட்காருங்க” என்று அங்கிருந்தே சொன்னார். இறங்கி, அதே நாற்காலியைத் துடைத்து ஓகே அக்காவுக்குப் போட்டார்.

ஓகே அக்கா கைப்பைக்குள் கையை விட்டு உறையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“நான் சுத்தி வளைச்சுப் பேசற ஆளில்லை” என்றார் ஏணிக்காரர். பிறகு கால் மணி நேரம் சுற்றி வளைத்தார். அலுமினியத்தைப் பற்றிப் பேசினார். மூங்கில் ஏணிகளின் காலத்தைப் பற்றிப் பேசினார். முதலாளி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

“இந்த ஒரு வாரத்துல ஒண்ணு புரிஞ்சுது. சைட்டுன்னா இப்படித்தான் இருக்கணும். என் தம்பி அலமாரி செய்யறான். என் மச்சான் பெயிண்டர்களுக்குச் சாரம் வாடகைக்கு விடறார். ரெண்டு பேருக்கும் இதே மாதிரி ஒண்ணு ஒண்ணு வேணும். இதே அம்மாதான் செய்யணும்.”

முதலாளியின் முகம் மலர்ந்தது. “கண்டிப்பா ஐயா. இவங்கதான் பார்ப்பாங்க. வேற யாரையும் விட மாட்டோம்.”

“ஒரே ஒரு நிபந்தனை.”

“சொல்லுங்க ஐயா.”

“தொடர்புப் பக்கம். அதை மட்டும் புதுசா எதுவும் பண்ண வேண்டாம். எங்க சைட்ல இருக்கறதையே அப்படியே ரெண்டுலயும் போட்டுடுங்க. அதே நம்பர்.”

“செஞ்சுடலாம்” என்றார் முதலாளி. “ஓகேயா மேடம்?”

ஒன்பது வருடத்தில் ஓகே அக்காவிடம் ஒருவர் ஓகே கேட்டது அதுவே முதல் தடவை. அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா இல்லை என்றா என்று அவருக்கே தெரியாத ஆட்டல். ஏணிக்காரர் எண்ணைக் கவனிக்கவே இல்லை, எங்கிருந்தோ ஏணி விற்கிறது, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும் என்று தோன்றியது. இனி அலமாரிக்கும் சாரத்துக்கும் சேர்த்து மாமனார் சலூனில் உட்கார்ந்து பதில் சொல்வார். என்றைக்காவது ஒரு நாள் மூன்று கம்பெனிகளும் ஒன்றாகக் கண்டுபிடிக்கும். கைப்பையில் இருந்த உறை முன்பைவிடக் கனமாக இருந்தது.

வெளியே வந்ததும் முதலாளி வண்டியை எடுத்து வரப் போனார். வரவேற்புக்கு எதிரே ஒரு சிறிய ஏணி காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. ஓகே அக்கா அதன் இரண்டாவது படியில் உட்கார்ந்தார்.

“தண்ணி வேணுமா மேடம்?” என்றார் வரவேற்பில் இருந்த பெண். விரல்கள் தட்டச்சை நிறுத்தவில்லை.

“வேண்டாம்மா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உங்க ஐயாகிட்ட என்னால சொல்ல முடியல. நீ நேரம் பார்த்துச் சொல்லிடு.”

“சொல்லுங்க.”

“போன திங்கட்கிழமை உங்ககிட்டேர்ந்து ஒரு மெயில் வந்தது. ஐயா ஓகே சொல்லி, தொடர்புப் பக்கத்தை விட்டுடுங்கன்னு எழுதியிருந்தார். அவர் போடாம விடச் சொன்னார். நான் வெளியே விடச் சொல்றார்னு நினைச்சு விட்டுட்டேன். அதுல இருக்கற நம்பர் உங்க நம்பரே இல்லை. எங்க வீட்டு நம்பர். ஒரு வாரமா உங்க கஸ்டமர்கிட்ட எல்லாம் பேசிக்கிட்டிருக்கறது எங்க மாமனார்.”

அந்தப் பெண் தட்டச்சை நிறுத்தினார். மேசையில் இருந்த ஒரு தாளைத் தேடி எடுத்து, நேற்றைய ஏணி விசாரணைகளின் மேல் ஒரு டிக் போட்டு, அதை ஓரமாக வைத்தார். பிறகு நிமிர்ந்தார்.

“ஐயா எங்கே மேடம் ஓகே சொன்னார்? நம்பர் வேலை செய்யுதான்னு அன்னைக்குக் காலையில போட்டுப் பார்த்தார், உங்க மாமனார் எடுத்தார், ஸ்பீக்கர்ல போட்டு முக்கால் மணி நேரம் பேசினாங்க. கடைசியில ‘பார்த்தாச்சு, எல்லாம் சரி, தொடர்புப் பக்கத்தை அப்படியே விட்டுடுங்க, போனை நான் எடுத்துக்கறேன்’னு சொன்னது உங்க மாமனார், அதைத்தான் நான் மெயில்ல அடிச்சு அனுப்பினேன்.”